அடுப்புக் கரியை வைத்து வயதைச் சொல்வது எப்படி? பொற்பனைக்கோட்டையில் சீமைக்கருவைக் கரி கிடைத்தால் என்ன அர்த்தம்?

அகழாய்வு என்றாலே தங்கமும் மணியும்தான் நியூஸ் ஆகும். புதுக்கோட்டை அருகே பொற்பனைக்கோட்டையில் 2023ல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோதும் அப்படித்தான். தங்க மூக்குத்தி, எலும்பு முனைக் கருவி, சூதுபவள மணி எல்லாம் டிவியில் வந்தன. ஆனால் ஒரு மண்ணடுக்கின் வயதைச் சொல்ல, தங்கத்தைவிட விரல்நுனி அளவு அடுப்புக் கரிதான் கைகொடுக்கும்.

கரி ஏன் மக்குவதில்லை?

விறகு காற்று போதாமல் பாதி எரிந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன்தான். அதைக் கரையானும் தின்னாது, கிருமியும் தின்னாது. மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பன்-14 எடுத்துக்கொண்டே இருக்கும். வெட்டியதும் அது நின்றுவிடும். உள்ளே இருப்பது சுமார் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மிச்சத்தை அளந்தால் வயது தெரியும். அவ்வளவுதான் கணக்கு.

கீழடியில் 2018ல் எடுத்த 6 கரி மாதிரிகள் அமெரிக்காவின் மியாமியில் உள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்குப் போயின. 353 செ.மீ ஆழத்தில் கிடைத்த ஒன்று கி.மு. 580 என்று வந்தது. சங்க காலத்தையே முன்னே தள்ளிய முடிவு அது!

எந்த மரம் என்றும் தெரியுமா?

தெரியும். கரியைக் குறுக்கிலும் நெடுக்கிலும் உடைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், மரத்தின் துளைகளும் வரிகளும் அப்படியே இருக்கும். வேம்பா, வேலமா என்று பிரித்துவிடலாம்.

இங்கேதான் புதுக்கோட்டை சுவாரஸ்யமாகிறது. இன்று இந்தப் பக்கம் விறகடுப்பில் எரிவது சீமைக்கருவை, முந்திரி, தைல மரம். மூன்றுமே வெளிநாட்டு வரத்து! முந்திரியைப் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது 16ம் நூற்றாண்டில். தைல மரம் ஆஸ்திரேலியாவுடையது. சீமைக்கருவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ம் நூற்றாண்டில் வந்தது. அதனால் கோட்டையின் அடி மண்ணில் சீமைக்கருவைக் கரி கிடைத்தால், எலி வளையோ வேரோ மேல் மண்ணைக் கீழே இறக்கிவிட்டது என்று அர்த்தம். அந்த மாதிரியை நம்ப முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கு

நூறு வயது மரத்தின் நடுத்தண்டு, அது வெட்டப்படுவதற்குப் பல காலம் முன்பே வளர்ச்சியை முடித்திருக்கும். அந்தக் கட்டையை எரித்தால், அடுப்பின் உண்மையான வயதைவிடக் கரி கூடுதல் வயது காட்டும். அதனால்தான் சுள்ளியும் தானியமும் கிடைத்தால் ஆய்வாளர்களுக்குக் கொண்டாட்டம். சிவகளை முதுமக்கள் தாழியில் இருந்த நெல் உமிதான் கி.மு. 1155 என்ற காலத்தைக் கொடுத்தது.

இது சின்ன விஷயம் இல்லை. கீழடியின் முதல் இரண்டு கட்ட அகழாய்வு அறிக்கையைத் திருத்தித் தரச் சொல்லி, 2025ல் இந்தியத் தொல்லியல் துறை அமர்நாத் ராமகிருஷ்ணாவிடம் கேட்டது. கி.மு. 8 முதல் 5ம் நூற்றாண்டு வரை என அவர் சொன்ன காலத்துக்கு ஆதாரம் போதாது என்றது. அவர் தன் முடிவில் உறுதியாக நின்றார். கரி எந்த அடுக்கில், எந்த ஆழத்தில், எதனோடு கிடைத்தது என்ற குறிப்புதான் இப்படிப்பட்ட சண்டையில் சாட்சி.

மேய்ப்பர்கள் அடுப்பு என்ன ஆகும்?

அதுதான் கஷ்டம். கிடை போட்டு ஊர் ஊராகப் போகும் கீதாரிகள் மூன்று கல் வைத்துச் சுள்ளியில் சோறாக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஒரு மழை போதும், கரி அடித்துக்கொண்டு போய்விடும். மாட்டு மந்தைகள் பெரிதாக இருந்த இடத்தில் மட்டும் கதை வேறு. தக்காணத்தில், உட்னூரில் 1957ல் ரேமண்ட் ஆல்சின் தோண்டிய சாம்பல் மேடு, புதிய கற்கால மாட்டுப் பட்டியில் குவிந்து எரிந்த சாணம்தான். வறட்டி எரித்த அடுப்பில் மரக்கரி தேடினால் கிடைக்காது. அங்கே சாம்பலில் தங்கும் புல்லின் நுண் சிலிக்கா துகள்களைத்தான் பார்க்க வேண்டும்.