தையல்காரப் பெண் சொன்ன குடும்பக் கணக்கு

நம் வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கும் சிறுகுடலின் நீளம் ஏறக்குறைய 6 மீட்டர். பெருங்குடலோ வெறும் ஒன்றரை மீட்டர்தான். நீளத்தை வைத்துப் பார்த்தால் புற்றுநோய் சிறுகுடலில்தான் அதிகம் வரவேண்டும், இல்லையா? நடப்பது நேர்மாறு. ஜீரணப் பாதையில் வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்துகூட சிறுகுடலில் வருவதில்லை. ஆனால் சில குடும்பங்களுக்கு மட்டும் இந்த அபூர்வ நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட நூறு மடங்குக்கும் மேல். காரணம் புரிய ஒரு நூற்றாண்டு ஆனது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

(பி.காம். படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். அடிப்படையில் இது கணக்குப் பிழை திருத்துகிற விஷயம். அதனால் எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு :-))

1895-ம் வருஷம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆல்ட்ரெட் ஸ்காட் வார்த்தின் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் இருந்தார். அவருக்குத் துணி தைத்துக் கொடுத்த ஒரு பெண், நான் சீக்கிரமே செத்துப்போவேன் என்று வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் என் சொந்தங்களில் பெரும்பாலானவர்கள் வயிறு, குடல் அல்லது கருப்பைப் புற்றுநோயில்தான் போனார்கள், எனக்கும் அதுதான் என்றார். சொன்னபடியே பின்னாளில் கருப்பைப் புற்றுநோயில் இறந்தார்.

சாதாரணமாக ஒரு டாக்டர் என்ன செய்வார்? "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவார். வார்த்தின் குடும்ப மரத்தை எழுத ஆரம்பித்தார். ஜெர்மனியிலிருந்து குடியேறிய அந்தக் குடும்பத்துக்கு 'ஜி குடும்பம்' என்று பெயர் வைத்து 1913-ல் கட்டுரை வெளியிட்டார். பெரிதாக யாரும் அசைந்து கொடுக்கவில்லை. புற்றுநோய் பரம்பரையாக வரும் என்பதே அப்போது பலருக்கு ஏற்கமுடியாத பேச்சு. போதாததற்கு அது அமெரிக்காவில் 'நல்ல வித்து, கெட்ட வித்து' என்று மனிதர்களைத் தரம் பிரித்த காலம். 1907-ல் இண்டியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைக்குச் சட்டமே போட்டது. அந்தச் சூழலில் 'உங்கள் குடும்பத்து ரத்தத்தில் நோய் இருக்கிறது' என்பது எவ்வளவு ஆபத்தான வாக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த காட்சி 1962, நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரம். ஹென்றி லிஞ்ச் என்ற இளம் டாக்டர். மனுஷன் சும்மா ஆள் இல்லை. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டுக் கடற்படைக்குப் போனவர், காசுக்குக் குத்துச்சண்டை போட்டவர். அவரிடம் குடிப்பழக்கத்தால் நிலைகுலைந்த ஒரு நோயாளி வந்தார். ஏன் குடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, என் குடும்பத்தில் எல்லோரும் புற்றுநோயில் சாகிறார்கள், நானும் சாகத்தான் போகிறேன் என்று பதில். எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. நோய் வருவதற்கு முன்பே, அதன் பயம் ஒரு ஆளைக் கொன்றுகொண்டிருக்கிறது.

லிஞ்ச் முதலில், குடலில் நூற்றுக்கணக்கான சதைமொட்டுகள் முளைத்துப் புற்றாகும் பரம்பரை நோயாக இருக்கும் என்று நினைத்தார். பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பார்த்தால் அந்த மொட்டுகளே இல்லை. அப்படியானால் இது வேறு நோய்! ஆன் க்ரஷ் என்ற சமூகப்பணியாளரோடு சேர்ந்து அந்தக் குடும்பத்துச் சொந்தங்களைத் தேடிப்பிடித்து விசாரித்தார். 1966-ல் இரண்டு பெரிய குடும்பங்களைப் பற்றிய கட்டுரை வந்தது. 1971-ல் வார்த்தினின் ஜி குடும்பத்தையே மறுபடி எடுத்து எழுதினார். ஆராய்ச்சிப் பணம் கேட்டு அனுப்பிய விண்ணப்பங்கள் திரும்பி வந்துகொண்டே இருந்தன. 1984-ல்தான் நோய்க்கு 'லிஞ்ச் சிண்ட்ரோம்' என்ற பெயர் எழுத்தில் வந்தது.

எல்லாம் சரி, நோயின் வேர் எங்கே? இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருகிறது.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது அதன் டி.என்.ஏ. முழுக்க நகல் எடுக்கப்படுகிறது. ஒரு செட்டுக்கே 300 கோடி எழுத்துகள். எந்தக் குமாஸ்தா எழுதினாலும் தப்பு வரும். குறிப்பாக ஒரே எழுத்து வரிசையாக வருகிற இடங்கள். 1000000000 என்ற தொகையைக் கையால் பத்து லெட்ஜரில் நகல் எடுத்துப் பாருங்கள், எங்காவது ஒரு சைபர் கூடும் அல்லது குறையும். அதனால் எழுதி முடித்ததும் பின்னாலேயே ஒரு புரதக் கூட்டம் டிக் அடித்துக்கொண்டே வந்து, பொருந்தாத எழுத்தை வெட்டித் திருத்துகிறது. பிழைகளை நூறு முதல் ஆயிரம் மடங்கு வரை குறைப்பது இந்த ஆடிட்டர்கள்தான். பாக்டீரியாவில் இது எப்படி நடக்கிறது என்று காட்டிய பால் மோட்ரிச், 2015-ல் வேதியியல் நோபலை இன்னும் இருவரோடு பகிர்ந்துகொண்டார்.

1993-ல் எல்லாம் ஒன்றாகக் கூடிவந்தது. லிஞ்ச் சிண்ட்ரோம் கட்டிகளில் அந்த 'சைபர் வரிசை' இடங்கள் கன்னாபின்னாவென்று நீண்டும் குறுகியும் கிடந்தன. ஆடிட்டர் இல்லாத ஈஸ்ட் செல்களிலும் இதே கூத்து நடப்பது அதே வருஷம் தெரிந்தது. மனிதனிலும் ஆடிட்டரைத்தான் தேடவேண்டும் என்பது புரிந்துபோயிற்று. வருஷக் கடைசிக்குள் எம்.எஸ்.எச்.2 என்ற மரபணு பிடிபட்டது, 1994-ல் எம்.எல்.எச்.1. இதில் ஒரு பிரதி கெட்டுப்போய்ப் பிறப்பவருக்கு, ஏதோ ஒரு செல்லில் மற்றப் பிரதியும் போனால் அங்கே பிழைகள் குவிய ஆரம்பிக்கும். பெருங்குடல், கருப்பை, வயிறு, சிறுகுடல், எங்கு வேண்டுமானாலும். ஜி குடும்பத்தின் பிழை எம்.எஸ்.எச்.2-ல் இருப்பது 2000-ல் உறுதியானது.

சிறுகுடல் விஷயத்தில் இது ஏன் முக்கியம்? பெருங்குடலைப் பார்க்கும் குழாய் சிறுகுடலின் பெரும்பகுதிக்கு எட்டாது. வயிற்றுவலி, ரத்தசோகை என்று பொதுவான தொல்லைகளாக ஆரம்பிப்பதால் கண்டுபிடிப்பதும் தாமதம். அப்படிப்பட்ட ஒரு கட்டியில் ஆடிட்டர் புரதம் இல்லை என்று தெரிந்தால், அண்ணன் தம்பி, பிள்ளைகளையும் பரிசோதிக்க வழி பிறக்கிறது. (பரம்பரை இல்லாமலும் இந்தப் பழுது வரலாம், அதையும் பிரித்துப் பார்க்கவேண்டும்.) பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. வராத பாதிப்பேர் அந்தப் பயத்தை இறக்கி வைக்கலாம். ஒமாஹாவில் குடித்துக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு இப்படி ஒரு பரிசோதனை கிடைக்கவில்லை.

இன்னொரு திருப்பமும் உண்டு. பிழைகள் குவிந்த கட்டி விசித்திரமான புரதங்களைச் செய்வதால் நோய் எதிர்ப்பு சக்தியின் கண்ணில் எளிதாகப் படும். 2015-ல் வந்த பெம்ப்ரோலிசுமாப் மருந்துச் சோதனையில் பெருங்குடல் நோயாளிகளோடு சிறுகுடல் நோயாளிகளும் இருந்தார்கள். 2017-ல் அமெரிக்கா, எந்த உறுப்பு என்று பார்க்காமல் இந்தப் பழுதை மட்டும் பார்த்து அந்த மருந்தைக் கொடுக்க அனுமதித்தது. லிஞ்ச் அதைப் பார்த்துவிட்டு, 2019-ல் தன் 91-வது வயதில் காலமானார்.

அதே 2019-ல் கனடாவில் வாழும் எழுத்தாளர் ஏமி மெக்கே ஒரு புத்தகம் வெளியிட்டார். ஜி குடும்பத்தில் பிறந்து, அந்தப் பிழை தனக்கும் இருப்பதைப் பரிசோதனையில் தெரிந்துகொண்டவர். வார்த்தினுக்காகச் சொந்தக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுக் குடும்பத்தின் சாவுகளைக் குறித்துக் கொடுத்தது அந்தத் தையல்காரப் பெண்தானாம். மருத்துவ இதழ்களில் அவர் வெறும் ஒரு எழுத்து. அவர் பெயர் போலின் கிராஸ்.