பவுடர் டப்பாவும் சனிக்கிழமைச் சம்பளமும்

திருப்பூரின் வரலாறு ஏற்றுமதிக் கணக்காகவோ, தொழிற்சங்கப் போராட்டமாகவோதான் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கிறது. 1984இல் பஞ்சப்படி கேட்டு நடந்த 127 நாள் வேலைநிறுத்தம் அதில் உண்டு. பின்னர் ஏற்றுமதி பெருகி, சுற்றுவட்டாரப் பெண்கள் பனியன் கம்பெனிகளுக்குள் வந்ததும் உண்டு. அவர்கள் முகத்தில் என்ன பூசினார்கள் என்பது மட்டும் இல்லை. அதெல்லாம் ஒரு வரலாறா என்று கேட்கும் தோழர்களை முன்வைத்தே இதை எழுதுகிறேன்.

பெருமாநல்லூர்ப் பக்கம் தொண்ணூறுகளில் செக்கிங்குக்கும் கைமடிக்கவும் போன அக்காமார் அலங்காரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு காசில்தான் போய் நிற்கிறது. காட்டுக்கூலி வீட்டோடு போயிரும். சனிக்கிழமைச் சம்பளத்தில் கொஞ்சமாவது தன் கையில் நிக்கும். அந்தக் கொஞ்சம்தான் பவுடரும் ஸ்டிக்கர் பொட்டும் ஆனது.

சந்தை இதைச் சரியாகவே கணித்திருந்தது. கடலூரில் 1983இல் தொடங்கிய சிக் ஷாம்பு, பாட்டில் வாங்க வழியில்லாதவர்களை நம்பிப் பாக்கெட்டில் வந்தது. சீயக்காய் அரைக்கப் பொழுது வேண்டும். காலையில் ஷிப்டுக்கு ஓடுகிறவளுக்கு அது ஏது? பாக்கெட்டுக்குச் சில்லறை போதும்.

சிவப்பழகு கிரீமின் கதை வேறு. வெயிலில் கருப்பது காட்டுவேலையின் அடையாளம். அந்த வேலை யார் தலையில் விழும் என்பதைச் சாதி தீர்மானித்த மண்ணில், கூரைக்கடியில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்வதே ஒரு வெளியேற்றம். 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி விற்றது நிறத்தை மட்டுமல்ல, அந்த வெளியேற்றத்துக்கான சான்றையும். கூடவே கறுப்பை, காசு கொடுத்துத் தீர்க்க வேண்டிய குறையாகவும் ஆக்கியது. 1994இல் சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் முடிசூடிய பிறகு இந்தச் சொல்லாடல் இன்னும் வலுத்தது. சிக் தயாரித்த நிறுவனமே 1998இல் ஃபேரெவர் கிரீமைக் கொண்டுவந்தது. கையில் நின்ற காசைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழி இது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை நீக்கியது. கிரீம் கடையில் அப்படியேதான் இருக்கிறது.

ஊர் இப்பெண்களை 'மினுக்கி' என்றது. இடதுசாரி விமர்சனம் 'நுகர்வு மோகம்' என்றது. இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன: உழைக்கும் பெண் தனக்கென்று செலவழிக்கக் கூடாது. கிரீமின் அரசியலை எதிர்ப்போம், அது அவசியம். ஆனால் அவள் கையில் காசு நின்றதை எதிர்க்க நமக்கு என்ன உரிமை? கூலி எவ்வளவு என்று கணக்கிட்ட நாம், அதைச் செலவழித்தது யார் என்றும் கேட்டாக வேண்டும்.