கலிஸ்டோகாவில் நான்கு நாட்களும் ஒரு மலைக்குகையும்

போன செப்டம்பர் கடைசியில் நாய்கள் இரண்டையும் காரில் ஏற்றிக்கொண்டு, நாப்பா பள்ளத்தாக்கின் வடகோடியில் இருக்கும் கலிஸ்டோகா என்ற சிற்றூருக்குப் போய் நான்கு நாட்கள் இருந்துவிட்டு வந்தேன். ஃப்ரீமான்ட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். திரும்பி வந்ததும் நம் காலை நடை நண்பர்கள் பிடித்துக்கொண்டார்கள். "நீர் மோரைத் தாண்டாத ஆசாமி, ஒயின் ஊரில் உமக்கு என்ன வேலை?" என்று ஒருவர். "தனியாகவா போனீர்?" என்று இன்னொருவர். முதல் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. இரண்டாவதற்குப் பதில் சுருக்கமானது. இரண்டு வருடமாக வீட்டிலும் தனியாகத்தான் இருக்கிறேன். அங்கேயாவது திராட்சைத் தோட்டம் இருக்கிறது.

பாண்டிக்குப் பன்னிரண்டு வயது, லாப்ரடார். பின்னங்கால் இரண்டும் பிடித்துக்கொள்கின்றன. சின்னி காப்பகத்திலிருந்து என் மனைவி எடுத்து வந்தது. என்ன ஜாதி என்று யாருக்கும் தெரியாது. நாய்களை அனுமதிக்கும் ஒரு சிறு குடிலை ஊருக்கு வெளியே வாடகைக்கு எடுத்திருந்தேன். வேலிக்கு அப்பால் உடனே திராட்சை வரிசைகள். நம் கம்பம் பக்கம் போல் பந்தல் போட்டுத் தலைக்கு மேல் படரவிடுவதில்லை. இடுப்பு உயரத்தில் கம்பி கட்டி, வரிசை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாயோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாய்க்கு ஆகாது, சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். அறுவடைக் காலத்தில் கீழே உதிர்ந்து கிடக்கும் பழத்தைச் சின்னி மாதிரியான பெருந்தீனிக்காரி முகராமல் விடுமா? நான்கு நாளும் வாரைக் கையைவிட்டு இறக்கவில்லை.

மற்றபடி செய்தது ஒன்றுமில்லை. காலையில் காபி, மெதுவாக ஒரு நடை, மதியம் ஒரு தூக்கம், சாயங்காலம் திண்ணை மாதிரியான முன்கூடத்தில் ஒரு புத்தகம். அந்தப் புத்தகம்தான் வேலை கொடுத்தது.

ராபர்ட் லூயி ஸ்டீவன்சனை நம் வயதுக்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பள்ளியில் நான்-டீடெயில் பாடமாகச் சுருக்கிய 'ட்ரெஷர் ஐலண்ட்' படித்தவர்கள்தானே நாம். அந்தக் கதையை எழுதுவதற்குச் சற்று முன்னால், 1880-ல், அவர் இதே கலிஸ்டோகாவுக்கு ஓய்வெடுக்க வந்தார். 'சில்வராடோ ஸ்குவாட்டர்ஸ்' என்ற சிறு நூல் அந்த ஓய்வைப் பற்றியதுதான்.

அப்போது அவருக்கு 29 வயது. நுரையீரல் நோய். ஃபானி ஆஸ்போர்ன் என்ற, தன்னைவிடப் பத்து வயது மூத்த பெண்ணைத் தேடி ஸ்காட்லாந்திலிருந்து கப்பலிலும் ரயிலிலும் வந்தவர், வழியிலேயே பாதி உயிரை விட்டுவிட்டார். 1880 மே 19-ம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் கல்யாணம். கையில் காசில்லை, உடம்புக்கு மலைக்காற்று வேண்டும். மனைவி, அவளுடைய 12 வயது மகன் லாய்டு, சூச்சூ என்ற நாய், எல்லோருமாகக் கலிஸ்டோகாவுக்கு வந்தார்கள். விடுதி வாடகை கட்டுப்படியாகவில்லை. செயின்ட் ஹெலினா மலையில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு வெள்ளிச் சுரங்கத்தின் தொழிலாளர் கொட்டகையில் போய் ஓசியில் குடியேறிவிட்டார்கள். ஜன்னல் இல்லை, கதவு இல்லை, தரைப் பலகையைத் துளைத்துக்கொண்டு அரிப்புச் செடி முளைத்திருந்தது. தேனிலவு!

அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் சூச்சூ. சுரங்கத்தைச் சுற்றிலும் கிலுகிலுப்பைப் பாம்புகள். ஸ்டீவன்சனோ வாரக்கணக்கில் அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே உடற்பயிற்சி செய்துகொண்டும் வெயில் காய்ந்துகொண்டும் இருந்திருக்கிறார். எதோ பூச்சி இரைச்சல் போல அதற்குக் காது பழகிவிட்டது. கிளம்பப்போகும் சமயத்தில் கலிஸ்டோகாக்காரர் ஒருவர் பாம்பின் ஒலியை வாயால் செய்து காட்டிய பிறகுதான், இத்தனை நாள் பாம்புகளின் தலைநகரிலேயே குடியிருந்திருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. நாய்க்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு கிலுகிலுப்புக்கும் துள்ளிக் குதித்து, கண்ணை உருட்டி, நடுங்கியபடியே அந்தக் கோடையைக் கழித்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

இன்று அந்த இடம் அவர் பெயரில் மாநிலப் பூங்கா. கொட்டகை இருந்த இடத்தில், விரித்த புத்தகம் போல ஒரு கல் நட்டிருக்கிறார்கள். ஆனால் நடைபாதையில் நாய்களுக்கு அனுமதி இல்லை. பாண்டியும் நானும் சாலையோரத்தில் நின்று, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். பாண்டியின் கால்களுக்கு அந்த ஏற்றம் எப்படியும் முடியாது என்பது வேறு விஷயம்.

ஸ்டீவன்சன் மலையில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பள்ளத்தாக்கில் அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்த ஒயின் தோட்டங்களைப் போய்ப் பார்த்தார். அதில் ஒன்று ஜேக்கப் ஷ்ராமுடையது. ஷ்ராம் ஜெர்மனியிலிருந்து வந்தவர், முடிதிருத்தும் தொழில் செய்தவர். 1862-ல் மலைச்சரிவில் நிலம் வாங்கிக் காட்டை வெட்டித் திராட்சை போட்டார். ஃபானி வீட்டு முன்கூடத்தில் திருமதி ஷ்ராமோடு பேசிக்கொண்டிருக்க, ஸ்டீவன்சன் நிலவறையில் ஒவ்வொரு பீப்பாயாகச் சுவைத்துப் பார்த்தார். கலிபோர்னியா ஒயின் ஒரு நாள் பெரிய பெயர் எடுக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அவர் எழுதிய ஒரு வாக்கியம் இன்று நாப்பாவின் வரவேற்புப் பலகையிலேயே இருக்கிறது. அந்தப் பலகை முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாத சுற்றுலாப் பயணி குறைவு.

அந்த நிலவறையைத்தான் நான் சொல்ல வந்தது. உண்மையில் அது அறையில்லை, மலைக்குள் தோண்டிய குகை. ஸ்டீவன்சனுக்கு அது கொள்ளைக்காரர்களின் குகையை நினைவுபடுத்தியது. சில வருடங்களுக்கு முன் நானும் என் மனைவியும் அதைச் சுற்றிப் பார்த்தோம். ஷ்ராம்ஸ்பர்க் இப்போதும் நடக்கும் தொழிற்கூடம். இந்த முறை நாய்களோடு போனதால் உள்ளே போகவில்லை. எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை அது. பாறை என்றாலும் கடப்பாரைக்கு மசியும், தானாகச் சரியாது. வெளியே வெயில் எப்படிக் கொளுத்தினாலும் உள்ளே ஒரே குளிர்ச்சி. மின்சாரம் இல்லாத காலத்தில் ஒயினை முதிர வைக்க அதைவிட நல்ல இடம் ஏது? சுவரில் கொத்திய தடங்கள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. என் மனைவி ஒரு தடத்தில் விரலை வைத்துப் பார்த்து, "இதை யார் கொத்தினார்களோ" என்றாள்.

கொத்தியவர்கள் சீனர்கள்.

1869-ல் நாட்டின் இரு கரைகளையும் இணைக்கும் ரயில் பாதை முடிந்தது. கிரானைட் மலைகளைக் குடைந்து அதன் மேற்குப் பாதியைப் போட்டவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். பாதை முடிந்ததும் ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போனது. அவர்களில் பலர் பண்ணைகளுக்கு வந்தார்கள். நாப்பாவிலும் சோனோமாவிலும் காட்டை அழித்து, கல் சுவர் எழுப்பி, கொடி நட்டு, பழம் பறித்து, குகை தோண்டினார்கள். மலையைக் குடையத் தெரிந்த கைகள். ஷ்ராமுடைய குகை 1870-களில் தொடங்கிய வேலை. ஸ்டீவன்சன் நுழைந்தபோது அது புதியது. அந்தப் பக்கங்களில் குகை வருகிறது, பீப்பாய் வருகிறது, ஷ்ராமின் மனைவி வருகிறாள். தோண்டியவர்கள் வரவில்லை.

ஸ்டீவன்சனை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சீனர்களைப் பற்றி அந்தக் காலத்தில் நியாயமாக எழுதிய மிகச் சிலரில் அவரும் ஒருவர். மேற்கே வந்த ரயிலில் சீனர்களுக்குத் தனிப் பெட்டி. மற்ற பயணிகள் அவர்களை அழுக்கானவர்கள் என்று ஏசினார்கள். ஏசுகிறவர்களைவிட அவர்களே அதிகம் கழுவிக்கொள்கிறார்கள் என்று அந்தப் பயணத்தைப் பற்றிய நூலில் எழுதி வைத்திருக்கிறார். தானும் மூன்றாம் தர வண்டியில் அடிபட்டு வந்தவர் என்பதால் கண் திறந்திருந்தது. ஓய்வுக்கு வந்த இடத்தில் அந்தக் கண் கொஞ்சம் மூடிக்கொண்டது, அவ்வளவுதான். ஓய்வின் குணம் அது என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் எனக்கும் மூன்றாவது நாள் ராத்திரி ஒன்று நடந்தது. மூன்று மணி இருக்கும். சின்னி குலைத்த குலைப்பில் எழுந்து பார்த்தால் வேலிக்கு அப்பால் பகல் போல வெளிச்சம். டிராக்டரில் விளக்கு கட்டி அறுவடை நடந்துகொண்டிருந்தது. பழம் குளிர்ச்சியாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும் என்பதற்காக இங்கே இரவில்தான் பறிப்பது வழக்கம். இருபது பேர் இருக்கலாம், நெற்றியில் விளக்கு, கையில் வளைந்த சிறு கத்தி. ஓட்டமும் நடையுமாகத் தொட்டியை நிரப்புகிறார்கள், ஸ்பானிஷ் பாட்டு ஒன்று ஓடுகிறது. காலை எட்டு மணிக்கு நான் காபியோடு வெளியே வந்தபோது ஒரு ஆளும் இல்லை. வரிசைகள் சுத்தமாக, அமைதியாக நின்றன. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "எவ்வளவு அமைதியான இடம்ப்பா!" என்று பதில் வந்தது.

சீனர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு வருகிறேன். ஸ்டீவன்சன் வந்துபோன இரண்டாவது வருடம், 1882-ல், சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டது. ஏற்கெனவே இருந்தவர்களும் குடியுரிமை பெற முடியாது. பத்து வருடத்துக்கு என்று போட்ட சட்டம், நீட்டி நீட்டி 1943 வரை நின்றது. செயின்ட் ஹெலினா ஊரில் 1880-களில் சீனர்களை வெளியேற்ற இயக்கமே நடந்தது. நாப்பா நகரில் ஆற்றங்கரையில் ஒரு சீனர் தெரு இருந்தது. கடைகள், கோயில் எல்லாம் உண்டு. அதுவும் 1930 வாக்கில் இல்லாமல் போனது. இத்தோடு 1913-ல் கலிபோர்னியா இன்னொரு சட்டம் போட்டது: குடியுரிமை பெறத் தகுதியற்ற வெளிநாட்டார் விவசாய நிலம் வாங்கக்கூடாது. முக்கியக் குறி ஜப்பானியர்கள். ஆனால் சீனர்கள் மீதும், மத்தியப் பள்ளத்தாக்கில் உழுதுகொண்டிருந்த நம் பஞ்சாபிகள் மீதும் அது விழுந்தது. 1952-ல்தான் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 1965-ல் குடியேற்றச் சட்டம் மாறாமல் இருந்திருந்தால் 1974-ல் நான் ஒரு பெட்டியோடு இங்கே வந்து இறங்கியிருக்க முடியாது. இதைப் படிக்கிற உங்களில் முக்கால்வாசிப் பேரும்தான்.

ஷ்ராமின் தோட்டம் அவருக்குப் பின் நொடித்தது. வேரைத் தின்னும் பூச்சி ஒரு பக்கம், 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இன்னொரு பக்கம். பாழடைந்து கிடந்ததை 1965-ல் டேவிஸ் என்ற இளம் தம்பதி வாங்கி, பழைய குகைகளைச் சுத்தம் செய்து, நுரைக்கும் வெள்ளை ஒயின் செய்ய ஆரம்பித்தார்கள். ஏழே வருடத்தில், 1972 பிப்ரவரியில், ஜனாதிபதி நிக்சன் பெய்ஜிங் போனார். அந்தப் பயணத்தின் செய்திகளை ஊரில் ரேடியோவில் கேட்டது ஞாபகம் இருக்கிறது. சீனப் பிரதமர் சூ என்லாய்க்கு அவர் கொடுத்த விருந்தில், சமாதானத்துக்காக உயர்த்திய கோப்பையில் இருந்தது ஷ்ராம்ஸ்பர்க் ஒயின். சீனக் கூலிகள் தோண்டிய குகையில் முதிர்ந்தது, சீனத் தலைநகரில் ஊற்றப்பட்டது. அந்த மேஜையில் இருந்த யாருக்காவது அது தெரிந்திருக்குமா? குகையைப் பார்த்துவிட்டு வந்த அன்று என் மனைவி இதைக் கேட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

கடைசி நாள் சாயங்காலம் நாய்களோடு டப்ஸ் சந்து பக்கம் காரில் போனேன். 2017 அக்டோபரில் சான்டா ரோசா வரை எரித்துக்கொண்டு போன பெருந்தீ இங்கேதான் தொடங்கியது. தீக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. பெயருக்குரியவர் ஆல்ஃபிரட் டப்ஸ் என்ற கயிறு வியாபாரி. 1882-ல், அதாவது சீனரைத் தடுத்த அதே வருடத்தில், செயின்ட் ஹெலினா மலையடிவாரத்தில் மான்டெலீனா தோட்டத்தைத் தொடங்கியவர். கோட்டை போல் கல் முகப்புள்ள கட்டிடம். 1976-ல் பாரிசில் பிரெஞ்சு நடுவர்களே கண்ணைக் கட்டிக்கொண்ட மாதிரிப் பெயர் தெரியாமல் சுவைத்த போட்டியில், வெள்ளை ஒயினில் முதலிடம் பெற்றது இந்தத் தோட்டத்தின் 1973-ம் வருடச் சரக்கு. நாப்பாவுக்கு உலகப் பெயர் வந்தது அன்றைக்குத்தான். சினிமாகூட எடுத்துவிட்டார்கள்.

அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. மதுவிலக்கில் நொடித்து, பின்னர் தேய்ந்து, அந்தக் கோட்டை 1958-ல் விலைக்கு வந்தபோது வாங்கியவர் யோர்ட் விங் ஃபிராங்க். சீனாவில் பிறந்த இன்ஜினியர். அவருக்கு ஒயின் செய்யும் எண்ணம் இல்லை; மனைவி ஜீனியோடு ஓய்வுக்காலத்தைக் கழிக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. கோட்டைக்குக் கீழே நிலத்தை வெட்டி ஓர் ஏரி செய்தார். சொந்த ஊர்த் தோட்டங்களின் சாயலில் நடுவில் தீவுகள், மண்டபம், பாலம், கரையெல்லாம் அலரி மரங்கள். ஜேட் ஏரி என்று பெயர். தோட்டம் பிறகு கைமாறிவிட்டது, ஏரியை யாரும் தூர்க்கவில்லை. அன்றைக்கு வெளியிலிருந்தே பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினேன்; பாண்டி பின்சீட்டில் தூங்கிவிட்டிருந்தது.