ஒபாமா ஆட்சியின் தொடக்கமும் இருகட்சி இணக்கமும் (2009)

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 44ஆம் ஜனாதிபதியாக 2009 ஜனவரி 20ஆம் நாள் பதவியேற்ற பராக் ஒபாமா, கட்சிப் பூசலைக் கடந்து ஆளுவதாகத் தேர்தற்காலத்தில் அளித்த வாக்குறுதிக்கிணங்க, முந்தைய ஆட்சியின் பாதுகாப்பு மந்திரி ராபர்ட் கேட்ஸை அப்பதவியிலேயே நீடிக்கச் செய்து, குடியரசுக் கட்சியினரான ரே லஹூடுக்குப் போக்குவரத்து இலாகாவையும் வழங்கினார். பொருளாதார மீட்பு மசோதாவில் எதிர்க்கட்சி விரும்பக்கூடிய வரிச்சலுகைகளைச் சேர்த்ததோடு, அக்கட்சியின் பிரதிநிதிகளை ஜனவரி 27ஆம் நாள் அவர்கள் இடத்திற்கே சென்று சந்தித்தார். மறுநாள் பிரதிநிதிகள் சபை வாக்கெடுப்பிலோ அவர்களுள் ஒருவர்கூட அதனை ஆதரிக்கவில்லை. கேட்பதற்கு முன்பே விட்டுக்கொடுத்தவனுக்குப் பேரம்பேசக் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று அவரது கட்சியினரே முணுமுணுத்ததில் நியாயம் இல்லாமற் போகவில்லை. வர்த்தக மந்திரி பதவிக்கு இசைந்திருந்த குடியரசுக் கட்சிச் செனட்டர் ஜட் கிரெக், கொள்கை வேற்றுமையைக் காரணங்காட்டிப் பிப்ரவரி 12ஆம் நாள் விலகிக்கொண்டார்.

மசோதா செனட்டில் நிறைவேற 60 வாக்குகள் இன்றியமையாதிருந்தமையால், சூசன் காலின்ஸ், ஒலிம்பியா ஸ்னோ, ஆர்லென் ஸ்பெக்டர் ஆகிய குடியரசுக் கட்சியினர் மூவரின் தயவை நாடிச் செலவுகள் குறைக்கப்பட்டன. பிப்ரவரி 13 இரவு, தாயின் மரணத்தையொட்டி ஒஹாயோவில் இருந்த ஜனநாயகக் கட்சிச் செனட்டர் ஷெரட் பிரௌன் விமானத்தில் திரும்பிவந்து 60ஆவது வாக்கை அளிக்கும்வரை, வாக்கெடுப்பு பல மணிநேரம் முடிக்கப்படாமலே வைக்கப்பட்டிருந்தது. 78,700 கோடி டாலர் மதிப்புள்ள அச்சட்டத்தில் ஜனாதிபதி பிப்ரவரி 17ஆம் நாள் டென்வரில் கையொப்பமிட்டார். ஸ்பெக்டர், சொந்தக் கட்சியின் சினத்துக்கு ஆளாகி, ஏப்ரலில் ஜனநாயகக் கட்சிக்கு மாறினார்.