மூக்குக்குள் ஒளிந்த கொக்கி

பெரம்பலூர் அருகே சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் வழக்கமாக நடை திறப்பது திங்களும் வெள்ளியும்தான். அந்த இரண்டு நாள்களில் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் வண்டிகள் நெருக்கியடிக்கும். நடுவழியில் ஒரு லாரி படுத்துவிட்டாலும் பெரிதாகப் பதற வேண்டியதில்லை. பின்னால் வருபவரிடம் நல்ல சங்கிலி ஒன்று இருந்தால் போதும், கட்டி இழுத்துக்கொண்டு போய்விடலாம். ரயிலைப் பார்க்க வேண்டுமானால் பெரம்பலூர்க்காரர்கள் கிழக்கே அரியலூருக்குத்தான் போக வேண்டும். ஆனால் தண்டவாளத்தில் நின்றுபோன வண்டிக்குச் சங்கிலி உதவாது. மீட்க வரும் இன்ஜினின் கொக்கி இந்த வண்டியின் கொக்கியோடு சேர வேண்டும், பிரேக் குழாயும் பொருந்த வேண்டும். மீட்பு இன்ஜினின் வரலாறு பெரும்பாலும் கொக்கியின் வரலாறுதான்.

விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் 'கார்டு லைன்' 1920களின் இறுதியில் மீட்டர் கேஜ் பாதையாக வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றியது. மீட்டர் கேஜ் பெட்டிக்கு நடுவில் ஒற்றை பஃபர். அதிலேயே கொக்கியும் இருக்கும். பிரேக் வாக்குவம். எல்லா வண்டிக்கும் அதே அமைப்பு என்பதால், எந்த நீராவி இன்ஜினும் எந்த வண்டியையும் இழுக்கலாம்.

ஆனால் எந்தக் கொக்கியாலும் தீராத விபத்தும் இந்தப் பாதையில் நடந்தது. 1956 நவம்பர் 23 அதிகாலை, வெள்ளம் புரண்ட மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் இன்ஜினும் முன்பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. 140க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பாலமே போன பிறகு எந்த இன்ஜின் வந்தாலும் கரையோடு நிற்க வேண்டியதுதான். (அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானதும் 2007இல் ஒரு நவம்பர் 23 அன்றே. நாள்காட்டி சில வேளை இப்படித்தான் நினைவூட்டும்.)

டீசல் வந்தபோது மீட்பு வேலையின் முகம் மாறியது. நீராவி இன்ஜினுக்குக் கொதிகலன் சூடேறவே மணிக்கணக்கில் ஆகும். டீசலோ விசையைத் தட்டிய சில நிமிடங்களில் கிளம்பிவிடும். அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பில் வந்த ஒய்.டி.எம்-4 மீட்டர் கேஜுக்கும், 2600 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூ.டி.எம்-2 அகலப் பாதைக்கும் உழைப்பாளிகளாயின. நூற்றாண்டு மாறும் வேளையில் கார்டு லைனும் அகலப் பாதையானது. நடு பஃபர் மறைந்து பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பஃபரும் திருகுக் கொக்கியும் வந்தன, எல்.எச்.பி. என்னும் புதுவகைப் பெட்டிகள் வந்தபோது சி.பி.சி. என்னும் நடு பஃபர் கொக்கி வந்தது. வாக்குவம் போய்க் காற்று பிரேக் நின்றது. பிறகு மின்கம்பி வந்தது. ஆனாலும் டீசலுக்கு ஓய்வில்லை. கம்பி அறுந்தால் மின்சார இன்ஜின் வெறும் இரும்பு. விபத்து நிவாரண ரயிலையும் அதன் கிரேனையும் அப்போது இழுத்துச் செல்ல டீசல் வேண்டும்.

இதே சிக்கலை பிரிட்டனில் வர்ஜின் ட்ரெயின்ஸ் என்ற ரயில் நிறுவனம் வேறு விதமாகச் சந்தித்தது. லண்டனிலிருந்து வடமேற்கே போகும் மேற்குக் கடற்கரைப் பாதையில் சாய்ந்து ஓடும் 'பெண்டலீனோ' மின்சார ரயில்கள் வந்தபோது, 1960களின் 47ஆம் வகுப்பு டீசல் இன்ஜின்களை லஃப்பரோவில் இருந்த பிரஷ் நிறுவனம் 2002 முதல் புதுப்பித்து 57/3 ஆக்கியது. பழைய உடலுக்குள் அமெரிக்க இ.எம்.டி. இன்ஜின், 2750 குதிரைத்திறன். ஸ்காட் ட்ரேசி, லேடி பெனலோப்பி, பார்க்கர் என்று பதினாறு இன்ஜின்களுக்கும் 1965இல் வந்த 'தண்டர்பேர்ட்ஸ்' என்ற பொம்மலாட்டத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து பெயர் சூட்டினார்கள். உலகில் எங்கு ஆபத்து என்றாலும் பறந்து போய்க் காப்பாற்றும் குடும்பத்தின் கதை அது. பெயர் குழந்தைத்தனம்தான், ஆனால் பொருத்தமானது. பெண்டலீனோவோடு சேர்வதற்காக இந்த இன்ஜின்களின் முகத்தில் டெல்னர் என்னும் தானியங்கிக் கொக்கி பொருத்தப்பட்டது. கம்பி இல்லாத ஹோலிஹெட் பக்கமும் இவையே அந்த ரயில்களை இழுத்துச் சென்றன.

இந்த இன்ஜின்கள் பொம்மைக் கடைக்கும் வந்தன. பிரிட்டிஷ் மாதிரி ரயில்களில் பெரும்பாலானவை 'டபிள் ஓ' அளவில் வருகின்றன: ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர், தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. அந்தக் கணக்குப்படி இடைவெளி 18.83 மி.மீ. இருந்திருக்க வேண்டும். ஆகவே 'டபிள் ஓ' இன்ஜின்கள் எல்லாம் கால் ஒடுங்கியே ஓடுகின்றன, பார்ப்பவர்கள் பழகிவிட்டார்கள். தமிழ்நாட்டு மாதிரிக்காரருக்குக் கணக்கு இன்னும் வேடிக்கையானது. 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அரியலூரின் பழைய மீட்டர் கேஜ் 11.5 மி.மீ. ஆகும், ஐரோப்பாவில் விற்கும் 12 மி.மீ. பாதையே கிட்டத்தட்டப் பொருந்தும். இன்றைய அகலப் பாதைக்கோ 19.3 மி.மீ. வேண்டும். ஆகவே இந்திய டீசல் மாதிரி பெரும்பாலும் அந்நிய 16.5இலேயே ஓடுகிறது. நூறில் ஒரு பங்கு என்று வைத்தால் மட்டும் 1676 மி.மீ. அகலம் 16.8 ஆகி, அந்தப் பாதையில் ஏறத்தாழச் சரியாக உட்கார்ந்துவிடும்.

மாதிரி உலகிலும் கொக்கிச் சண்டை உண்டு. ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொன்றின் இன்ஜினோடு சேராது என்ற தொல்லை முற்றி, கொக்கியைக் கழற்றி மாற்ற வசதியாக ஒரு பொதுக் குழி ஐரோப்பியத் தரமாக வகுக்கப்பட்டது. வண்ணத்துக்கும் எண்ணுக்கும் மெனக்கெடுகிறவர்கள் அந்தக் குழியை அலட்சியம் செய்வதுண்டு. மீட்பு இன்ஜின் மாதிரியில் அது மன்னிக்க முடியாத குறை. ஸ்காட் ட்ரேசிக்கு டெல்னர் இல்லையென்றால் அது பெயரெழுதிய பழைய 47தான்.

சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலையில் 2018இல் உருவான 'வந்தே பாரத்' ரயிலுக்கும் பெண்டலீனோவின் கதைதான். கொக்கி ஃபைபர் மூக்குக்குள் ஒளிந்திருக்கும். மூக்கைத் திறந்தால்தான் சாதாரண இன்ஜினைச் சேர்க்க முடியும். 2023 செப்டம்பர் முதல் சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் அரியலூரில் நிற்காமல் கடந்துபோகிறது. 2024 செப்டம்பரில் டெல்லி–வாரணாசி வந்தே பாரத் எட்டாவா அருகே பழுதாகி நின்றது. சரக்கு ரயிலின் இன்ஜின் ஒன்று வந்து அதை பர்தானா நிலையம் வரை இழுத்துப் போனது. பயணிகள் அங்கே வேறு ரயில்களில் ஏறினார்கள்.