மன்றோவின் சொல்லும் திராகோவின் கடிதமும்



அத்திலாந்திக் சமுத்திரத்துக்கும் பசிபிக் சமுத்திரத்துக்கும் இடையே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் இரு கண்டங்களுக்கும் அமெரிக்கா என்பது பொதுப்பெயர். ஆயினும், உலகப் படத்தில் அமெரிக்காவைக் காட்டுக என்று வகுப்பிலே கேட்டால், மாணவர் விரல் ஐக்கிய அமெரிக்காவின் மீதே சென்று நிற்கும். பல்லாண்டுகளாக நான் கண்டுவரும் காட்சி இது. மெக்சிக்கோ, பேரு, சிலி, ஆர்ஜெண்டீனா ஆகிய நாட்டவரும் அமெரிக்கரே என்று எடுத்துரைத்தால் அவர்கள் சிறிது வியப்படைவர். பலருக்கு உரிய பெயர் ஒருவருக்கே உரியதாகிவிட்டமை மேலை அரைக்கோளத்தின் அரசியலையே ஒருவாறு உணர்த்துகின்றது. அவ்வயலவர்கள் இருநூறு ஆண்டுகளாக எவ்வாறு ஒருவரோடொருவர் வாழ்ந்துவந்தனர் என்பதை இரண்டு பத்திரங்களை முன்வைத்து ஆராய விரும்புகின்றேன். ஒன்று வலியவர் விடுத்த அறிவித்தல். மற்றையது மெலியவர் எழுதிய கடிதம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியில் ஸ்பானியப் பேரரசின் அமெரிக்க மாகாணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விடுதலை பெற்றன. ஐரோப்பிய முடியரசர் சிலர் ஸ்பானியாவுக்குத் துணைநின்று அவற்றை மீட்டுக் கொடுப்பரோ என்ற அச்சம் அக்காலத்தில் நிலவியது. 1823ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் நாள் ஐக்கிய அமெரிக்கச் சனாதிபதி ஜேம்ஸ் மன்றோ காங்கிரசுக்கு விடுத்த ஆண்டுச் செய்தியிலே இதற்கு மறுமொழி கூறினார். அமெரிக்கக் கண்டங்கள் இனி ஐரோப்பிய வல்லரசுகள் குடியேற்றம் அமைத்தற்குரிய நிலமல்ல என்றும், அங்குள்ள சுதந்திர நாடுகளை அடக்க முயல்வது தம் நாட்டுக்கு இழைக்கும் பகைமையாகவே கொள்ளப்படும் என்றும் அவர் அறிவித்தார். இவ்வறிவித்தலை உருவாக்கியவருள் முதன்மையானவர் வெளிநாட்டமைச்சர் ஜோன் குவின்சி அடம்ஸ். இரு நாடுகளும் கூட்டாக அறிவிப்போம் என்று பிரித்தானிய அமைச்சர் ஜோர்ஜ் கனிங் கேட்டிருந்தும் அடம்ஸ் இணங்கவில்லை. இதிலே வேடிக்கை யாதெனின், அவ்வறிவித்தலைக் கடலில் நிலைநிறுத்தவல்ல கடற்படை அன்று ஐக்கிய அமெரிக்காவிடம் இருக்கவில்லை. பிரித்தானியாவிடமே இருந்தது. பத்தாண்டு கழித்து, 1833இல், அதே பிரித்தானியா போக்லாந்துத் தீவுகளைக் கைக்கொண்டபோது வாஷிங்டன் மன்றோவின் சொல்லை எடுத்து வழங்கவில்லை.

அச்சொல்லில் மற்றொரு வெற்றிடமும் இருந்தது. வெளியார் இக்கண்டங்களில் நுழையலாகாது என்றது. நாம் எம் அயலவர் வளவுக்குள் நுழையமாட்டோம் என்று அது கூறவில்லை. 1846இல் மெக்சிக்கோவோடு மூண்ட போர் 1848இல் முடிவுற்றபோது, முன்னரே பிரிந்துபோன டெக்சாசையும் சேர்த்துக் கணக்கிட்டால், மெக்சிக்கோ தன் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை இழந்திருந்தது. கலிபோர்னியா அவ்வாறு கைமாறிய நிலங்களுள் ஒன்று. மெக்சிக்கோவுக்குக் கிடைத்தது 15 மில்லியன் டொலர்.

இனிக் கடனைப் பற்றிச் சொல்லவேண்டும். புதிய குடியரசுகள் வறுமையோடு பிறந்தவை. படைக்கும் புகையிரதப் பாதைக்கும் இலண்டனிலும் பிற ஐரோப்பிய நகரங்களிலும் கடன் பெற்றன. உள்நாட்டுப் போரோ விலைவீழ்ச்சியோ நேர்ந்த ஆண்டில் வட்டி கட்ட இயலாமற் போயிற்று. நம் ஊரிலே காணியை ஈடுவைத்துப் பணம் பெற்றவன் தவணை தவறினால், கடன் கொடுத்தவன் நொத்தாரிசு முடித்த உறுதியை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் ஏறுவான். ஆள் சேர்த்து வந்து வேலியைப் பிரித்து உள்ளே புகமாட்டான். ஆனால் நாடுகளுக்கிடையே அந்நாளில் வேலி பிரிப்பதே வழக்கமாயிருந்தது. 1861இல் மெக்சிக்கோவின் தலைவர் பெனிற்றோ உவாரெஸ் கடன் கட்டுவதை இடைநிறுத்தியவுடன் பிரித்தானியா, ஸ்பானியா, பிரான்சு ஆகிய மூன்றும் படை அனுப்பின. முன்னைய இரண்டும் திரும்பிச் சென்றன. பிரான்சோ அங்கேயே தங்கி, மாக்சிமிலியன் என்னும் ஒஸ்திரிய இளவரசரை மெக்சிக்கோவின் சக்கரவர்த்தியாக்கியது. 1867இல் மெக்சிக்கர் அவரைச் சுட்டுக் கொன்ற பின்னரே அந்நாடகம் முடிந்தது. வட்டிப் பாக்கியிலே தொடங்கியது முடிசூட்டில் முடியக்கூடும் என்பதை இலத்தீன் அமெரிக்கர் அன்று கற்றுக்கொண்டனர்.

அதே பாடம் 1902இல் வெனிசுவேலாவுக்குக் கிடைத்தது. சனாதிபதி சிப்பிரியானோ காஸ்திரோவின் அரசு வெளிநாட்டுக் கடன்களையும், உள்நாட்டுப் போரிலே தம் உடைமைகளுக்கு நேர்ந்த சேதத்துக்காக வெளிநாட்டார் கோரிய நட்டஈட்டையும் செலுத்தாதிருந்தது. டிசெம்பர் மாதத்தில் பிரித்தானியாவும் ஜேர்மனியும் போர்க்கப்பல்களை அனுப்பித் துறைமுகங்களை முற்றுகையிட்டன, இத்தாலியும் சேர்ந்துகொண்டது. வெனிசுவேலாவின் சின்னஞ்சிறு கடற்படை சில நாட்களுள் பறிபோயிற்று. அதில் இரண்டு கலங்களை ஜேர்மானியர் கடலில் அமிழ்த்தினர். புவேர்ட்டோ கபெல்லோ மீது குண்டுகள் வீழ்ந்தன. மன்றோவின் நாடு யாது செய்தது? சனாதிபதி தியடோர் றூஸ்வெல்ட் ஓராண்டுக்கு முன்னரே தம் கருத்தை வெளியிட்டிருந்தார். முறைகெட நடக்கும் நாடொன்றை ஐரோப்பியர் தண்டிப்பதை மன்றோ கோட்பாடு தடுக்காது, நிலத்தைப் பிடிக்காதிருந்தாற் போதும் என்பதே அக்கருத்து.

இந்நிலையிலேதான் ஆர்ஜெண்டீனாவின் வெளிநாட்டமைச்சர் லூயிஸ் மரியா திராகோ, 1902 டிசெம்பர் 29ஆம் நாள், வாஷிங்டனிலிருந்த தம் நாட்டுத் தூதருக்கு ஒரு கடிதம் எழுதினார். முற்றுகைக்கு உள்ளானது ஆர்ஜெண்டீனா அன்று. எனினும் 1890ஆம் ஆண்டு நெருக்கடியில் அந்நாடும் கடன் கட்ட முடியாது தவித்து, இலண்டனின் பெயர்பெற்ற பேரிங் வங்கியையும் தள்ளாடச் செய்திருந்தது. இன்று அவனுக்கு, நாளை எனக்கு என்ற எண்ணம் அக்கடிதத்தின் பின்னே இருந்தமையை மறுக்க முடியாது.

கடிதத்தின் வாதம் தெளிவானது. ஓர் அரசுக்குக் கடன் கொடுப்பவன் அவ்வரசின் வளத்தையும் வறுமையையும் அறிந்தே கொடுக்கின்றான். ஆபத்து மிகுந்தால் அதற்கேற்பத் தன் நிபந்தனைகளைக் கடுமையாக்கிக் கொள்கின்றான். ஆகவே ஆபத்து நேரும்போது போர்க்கப்பலைக் கூப்பிடுதல் நேர்மையாகாது. கடன் கடனே, அது செலுத்தப்பட வேண்டியதே என்பதைத் திராகோ ஒப்புக்கொள்கின்றார். அதை எப்பொழுது, எவ்வகையில் செலுத்துவது என்பதை இறைமையுள்ள நாடு தானே தீர்மானிக்கவேண்டும் என்கின்றார். படைவலியால் வசூலிக்கத் தொடங்கினால் சுங்கச் சாலையைப் பிடிக்க நேரும், சுங்கச் சாலையைப் பிடித்தவன் அரசையும் பிடித்தவனாவான் என்பது அவர் அச்சம். அரசாங்கக் கடனைக் காரணங்காட்டி ஐரோப்பிய வல்லரசு எதுவும் அமெரிக்க நாடொன்றிற் படையோடு தலையிடவோ நிலத்தைப் பிடிக்கவோ கூடாது என்பதே அவர் வேண்டிய விதி. மன்றோவின் சொல்லையே அவர் துணைக்கழைத்தார். ஆனால் சனாதிபதி ஒருவரின் விருப்பமாக இருந்ததை எல்லா நாடுகளுக்கும் உரிய சட்டமாக்க முயன்றார் என்பதைக் கவனிக்கவேண்டும்.

வாஷிங்டனின் மறுமொழி மரியாதையாக இருந்தது, உடன்பாடுமில்லை, மறுப்புமில்லை. முற்றுகை 1903 பெப்ரவரியில் நீங்கியது. லா குவைரா, புவேர்ட்டோ கபெல்லோ ஆகிய இரு துறைமுகங்களின் சுங்க வருமானத்தில் 30 சதவீதம் கடனுக்கென ஒதுக்கப்பட்டது. முற்றுகையிட்ட மூன்று நாடுகளுக்கே முதலிற் பணம் கொடுக்கவேண்டும் என 1904இல் ஹேக் நகர நடுவர் மன்று தீர்ப்பளித்தது. அமைதியாகக் காத்திருந்தவனுக்குப் பின்வரிசை; கப்பல் அனுப்பியவனுக்கு முன்வரிசை! சட்ட மன்றொன்று இதைவிடத் தவறான பாடத்தைப் போதித்திருக்க இயலாதென்பது என் எண்ணம்.

றூஸ்வெல்ட் அதிலிருந்து வேறொரு முடிவுக்கு வந்தார். ஐரோப்பியக் கப்பல்கள் மீண்டும் வராதிருக்க வேண்டுமானால் அவர்களுடைய கடனை நாமே வசூலித்துக் கொடுப்போம் என்று எண்ணினார். இவ்வரைக்கோளத்தில் ஐக்கிய அமெரிக்காவே பொலிசு வேலை பார்க்க நேரலாம் என 1904 டிசெம்பரில் அறிவித்தார். வெளியாரைத் தடுக்க இட்ட வேலி உள்ளே புகும் படலையாயிற்று. 1905இல் டொமினிக்கன் குடியரசின் சுங்கம் அமெரிக்க அலுவலர் கைக்குச் சென்றது. வருமானத்தில் 45 சதவீதம் அந்நாட்டரசுக்கு; எஞ்சிய 55 கடன்காரருக்கு. கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டது. ஐரோப்பியக் கப்பல்களும் வரவில்லை. இதனை நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் திராகோ அஞ்சியபடி சுங்கச் சாலையோடு நின்றுவிடவில்லை. 1916 முதல் 1924 வரை அந்நாடு முழுவதும் அமெரிக்கப் படையாட்சியின் கீழ் இருந்தது. அயலிலுள்ள ஹெயிற்றியிலோ, 1914 டிசெம்பரில் அமெரிக்கக் கடற்படை வீரர் தேசிய வங்கியிலிருந்து 5 இலட்சம் டொலர் பெறுமதியான பொன்னை நியூயோர்க்குக்கு எடுத்துச் சென்றனர். அடுத்த ஆண்டு இறங்கிய படை 1934 வரை அங்கிருந்து அகலவில்லை.

திராகோவின் விதி 1907ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டில் அரைகுறையாக உலகச் சட்டமாயிற்று. ஒப்பந்தக் கடனுக்காகப் படைவலியைப் பயன்படுத்தலாகாது. ஆயின் கடன்பட்ட நாடு நடுவர் தீர்ப்புக்கு இணங்க மறுத்தாலோ, தீர்ப்பை மீறினாலோ அத்தடை செல்லாது. மாநாட்டுக்கு நேரிற் சென்றிருந்த திராகோ இவ்விலக்கை ஏற்கவில்லை. முழுவதும் கிடைக்காவிடினும் கிடைத்தது சிறிதன்று. 2022 ஏப்ரலில் நம் இலங்கை வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்தியபோது பேச்சுவார்த்தைகள் நிகழ்ந்தன. பத்திரம் வைத்திருந்த வங்கியொன்று நியூயோர்க் நீதிமன்றில் வழக்கும் தொடுத்தது. கொழும்புத் துறைமுகத்தின் முன்னே பீரங்கிக் கப்பல் எதுவும் வந்து நிற்கவில்லை.

ஐரோப்பியருக்கு இட்ட தடை அறிவித்தவரையும் கட்டுப்படுத்துமா என்பதே எஞ்சிய கேள்வி. 1928இல் ஹவானா நகரிற் கூடிய அமெரிக்க நாடுகளின் மாநாட்டிலே தலையிடாமைக் கொள்கையை இலத்தீன் அமெரிக்கர் வற்புறுத்தினர். ஐக்கிய அமெரிக்கப் பிரதிநிதி சாள்ஸ் எவன்ஸ் ஹியூஸ் எதிர்த்து நின்றார். ஐந்தாண்டில் நிலைமை மாறிற்று. பொருளாதார வீழ்ச்சியினால் படை நடத்தும் செலவு கசந்தது. தலையீட்டால் நண்பர் கிடைக்கவில்லை என்பதும் விளங்கிற்று. புதிய சனாதிபதி பிராங்ளின் றூஸ்வெல்ட் நல்லயலவர் கொள்கையை அறிவித்தார். 1933 டிசெம்பரில் மொன்ரிவிடியோவில் நிறைவேறிய உடன்படிக்கையின் 8ஆம் உறுப்புரை, எந்நாடும் பிறநாட்டின் உள்விவகாரத்திலோ வெளிவிவகாரத்திலோ தலையிட உரிமையற்றது என்றது. கோடெல் ஹல் ஓர் ஒதுக்கீட்டுடன் அதிற் கையொப்பமிட்டார். 1936இல் புவனஸ் அயர்சிலே, திராகோவின் தலைநகரிலே, அதே கொள்கை ஒதுக்கீடு ஏதுமின்றி ஒப்புக்கொள்ளப்பட்டது.

உண்மைச் சோதனை 1938இல் வந்தது. மார்ச் 18ஆம் நாள் மெக்சிக்கச் சனாதிபதி லாசரோ கார்தெனாஸ் வெளிநாட்டு எண்ணெய்க் கம்பனிகளின் உடைமைகளை அரசுடைமையாக்கினார். முப்பது ஆண்டுகளுக்கு முன்னராயின் கப்பல்கள் புறப்பட்டிருக்கும். இம்முறை கம்பனிகள் சினந்தன; வாஷிங்டன் கண்டித்துக் கடிதங்கள் அனுப்பியது; பேச்சு நீண்டது. இரு அரசுகளும் நியமித்த நிபுணர் கணக்குப் பார்த்து 1942இல் அமெரிக்கக் கம்பனிகளுக்கு ஏறக்குறைய 24 மில்லியன் டொலர் நட்டஈடு விதித்தனர். கம்பனிகள் கேட்டதில் அது ஒரு சிறு பங்கே. இவ்வரைக்கோள வரலாற்றில் நான் பெரிதும் மதிக்கும் நிகழ்ச்சி இதுவே.

1948ஆம் ஆண்டு பொகோட்டாவில் 21 நாடுகள் சேர்ந்து அமெரிக்க நாடுகள் நிறுவனத்தை அமைத்தபோது, எக்காரணத்தாலும், நேராகவோ மறைவாகவோ தலையிடலாகாது என்பது அதன் சாசனத்தில் எழுதப்பட்டது. மறைவாக என்ற சொல் 1954இல் குவாத்தமாலாவிலே மீறப்பட்டது; அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கவிழ்த்த சூழ்ச்சியில் அமெரிக்க உளவுத்துறையின் கை இருந்தது. நேராக என்ற சொல் 1965 ஏப்ரலில் டொமினிக்கன் குடியரசிலே மீறப்பட்டது. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினர் சென்றிறங்கினர். படை இறங்கிய பின்னரே நிறுவனத்திடம் ஒப்புதல் கேட்கப்பட்டது. கூட்டுப்படை ஒன்றை அமைக்கும் தீர்மானத்துக்குத் தேவைப்பட்ட வாக்குகள் 14, கிடைத்தனவும் 14. தலைநகரில் ஆட்சியே நிலைகுலைந்து கிடந்த டொமினிக்கன் குடியரசின் பிரதிநிதியும் அப்பதினால்வருள் ஒருவர். திராகோவின் ஆர்ஜெண்டீனாவும் தீர்மானத்தை ஆதரித்தது. மெக்சிக்கோ, சிலி, உருகுவே, பேரு, எக்குவடோர் ஆகிய ஐந்தும் எதிர்த்து வாக்களித்தன. அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் எவருடைய துறைமுகங்களுக்காகத் திராகோ கடிதம் எழுதினாரோ அந்த வெனிசுவேலா எப்பக்கமும் வாக்களியாது ஒதுங்கி நின்றது.