வோக்கிங் அடக்கத்தலம்: கட்டியதும் காத்ததும்

இறந்தோரை நல்லடக்கம் செய்வது சமுதாயத்தின் மீதுள்ள ஃபர்ளு கிஃபாயா என்பதை நாம் அறிவோம். மையித்தைக் கப்றில் வைத்து மண்ணிட்டதும் அக்கடமை நிறைவேறிவிடுகின்றது. அதன்பின் அக்கப்றின் கண்ணியத்தைக் காப்பவர் யார் என்னும் வினாவோ தலைமுறைகளைக் கடந்தும் தொடர்கின்றது. உற்றாரும் ஊராரும் இல்லாத அந்நிய மண்ணில் அடங்கிய போர்வீரர்களின் நிலையில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. இங்கிலாந்தில் வோக்கிங் நகரை அடுத்துள்ள முஸ்லிம் வீரர் அடக்கத்தலத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

முதல் உலகப் போரின் தொடக்கத்தில், 1914ஆம் ஆண்டு, இந்தியப் படையினர் பிரான்ஸ் நாட்டுப் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். காயமுற்றோர் தென் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டனர். பிரைட்டன் நகரின் அரச மாளிகையே அவர்களுக்கான மருத்துவமனையாக மாறிற்று. அங்கு இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் நகருக்கு வெளியிலுள்ள குன்றுப் பகுதியில் தகனம் செய்யப்பட்டனர். முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் வோக்கிங் நகருக்கு அனுப்பப்பட்டன. 1889இல் எழுப்பப்பட்ட ஷாஜஹான் பள்ளிவாசல் அங்கு இருந்ததே இதற்குக் காரணம்.

முஸ்லிம் வீரர்கள் மார்க்க முறைப்படி அடக்கப்படுவதில்லை என்று ஜெர்மனியர் போர்முனையில் பரப்புரை செய்தனர். வீரர்களுக்குத் தனி அடக்கத்தலம் வேண்டுமெனப் பள்ளிவாசலின் அன்றைய இமாமும் அரசை வலியுறுத்தினார். இவ்விரண்டின் விளைவாக ஹார்செல் என்னும் பொதுவெளியில் இடம் ஒதுக்கப்பட்டது. இந்தியா அலுவலகத்தின் கட்டடக் கலைஞர் வின்னி வரைந்த அமைப்பின்படி, செங்கல் மதிலும் குவிமாடம் தாங்கிய நுழைவாயிலும் 1917இல் நிறைவுற்றன. வீரர்களின் விசுவாசம் தளராதிருக்க வேண்டும் என்னும் அரசியல் தேவையும் அக்கட்டடத்தின் பின்னணியில் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

அதே 1917ஆம் ஆண்டு மே 21 அன்று, பேரரசின் போர்க் கல்லறை ஆணையம் அரச சாசனத்தால் நிறுவப்பட்டது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என இன்று வழங்குவது இதுவே. அதன் கொள்கைகளை 1918இல் வகுத்தளித்தவர் பிரிட்டிஷ் அருங்காட்சியக இயக்குநர் சர் ஃபிரெடரிக் கென்யன். ஒவ்வொருவர் பெயரும் கல்லில் இடம்பெற வேண்டும். பதவி, இனம், சமயம் ஆகியவற்றால் வேற்றுமை காட்டலாகாது என்பன அவற்றுள் தலையாயவை. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய ஆறு அரசுகள், தத்தம் வீரர்களின் கல்லறை எண்ணிக்கைக்கு ஏற்பச் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. இந்நிதியைக் கொண்டே புல்வெளி பேணப்படுகின்றது. எழுத்துத் தேய்ந்த மீசான் கற்கள் மாற்றப்படுகின்றன.

இத்தகைய ஏற்பாடு இருந்தும் வோக்கிங் தலம் தப்பவில்லை. மரங்கள் சூழ்ந்த தனித்த அவ்விடத்தில் விஷமிகள் புகுந்து சேதம் விளைத்தமையால், இரு உலகப் போர்களையும் சேர்ந்த 27 வீரர்களின் உடல்கள் 1968இல் தோண்டியெடுக்கப்பட்டு, அருகிலுள்ள புரூக்வுட் இராணுவ அடக்கத்தலத்துக்கு மாற்றப்பட்டன. இன்றியமையாத் தேவையின்றிக் கப்றைத் தோண்டுவதை நம் ஃபிக்ஹு அறிஞர்கள் அனுமதிப்பதில்லை. அவமதிப்புக்கு அஞ்சி மாற்றியதை அத்தகைய தேவை என்றே கொள்ளலாம். ஆயினும் அத்தேவை எங்கிருந்து பிறந்தது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மதிலைக் கட்டியவர்கள் இருந்தனர். மதிலுக்குக் காவல் இல்லை.

வெறுமையான அவ்விடம் நெடுங்காலம் சிதைந்து கிடந்தது. பின்னர் உள்ளூர் அமைப்புகளின் முயற்சியால் சீரமைக்கப்பட்டு, 2015 நவம்பரில் அமைதிப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கு நின்று முன்னர் அகற்றப்பட்ட 27 வீரர்களின் நினைவாக 27 இமயமலை பூர்ஜ மரங்கள் நடப்பட்டுள்ளன.

வோக்கிங் வீரர்களுக்குக் கப்றேனும் பெயரேனும் கிடைத்தன. இராக்கின் பஸ்ரா நினைவுச் சின்னத்திலோ இந்தியப் படையினருள் அதிகாரிகளின் பெயர்களே பொறிக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கையாகக் குறிக்கப்பட்டனர். ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, முதல் உலகப் போரில் இறந்த குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சுட்டியோ அல்லது எவ்வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை. இவர்களுள் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும் ஆவர். இதற்காக ஆணையமும் பிரிட்டிஷ் அரசும் மன்னிப்புக் கோரின. கென்யன் வகுத்த சமத்துவம் ஏட்டில் நின்றது. அதனைச் செயற்படுத்தியோர் மனிதருக்கு மனிதர் தரம் பிரித்தனர்.

ஆளும் இனத்தார்க்கும் பராமரிப்பு எளிதாக வாய்த்ததில்லை. சென்னை நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைந்த போர்க் கல்லறைத் தோட்டத்தின் பின்புறம் முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் ஒன்றுண்டு. அதிலுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களுக்கு உரியோர் இந்தியாவின் பல்வேறு கண்டோன்மெண்ட் கல்லறைகளில் அடங்கியவர்கள். அக்கல்லறைகளை நிரந்தரமாகப் பேண இயலாமையால் அவர்களின் பெயர்கள் இங்குத் தொகுக்கப்பட்டன.

நம் முன்னோர் கபரஸ்தானுக்கு நிலத்தை மட்டும் வக்ஃபு செய்யவில்லை. அதன் செலவுக்கெனத் தோப்பையும் கடையையும் சேர்த்து எழுதிவைத்தவர்கள் அவர்களுள் உண்டு. கணக்குக்கும் காவலுக்கும் முத்தவல்லியைப் பொறுப்பாக்கினர். அந்த வருவாய் இன்று எங்கே செல்கின்றது, அடக்கப்பட்டோரின் பதிவேடு யார் கையில் உள்ளது என்னும் இரு வினாக்களையும் ஒவ்வொரு ஜமாஅத்தும் தன்னைக் கேட்டுக்கொள்வது நலம். கேட்கத் தவறினால், பிழையைச் சுட்டி எழுப்பக் கப்றில் உள்ளவர்களுக்குக் குரல் இல்லை.